பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்த உறுப்பு

கடவுள் என் மெடிக்கல் ரிப்போர்ட்டைத் தகட்டில் அடித்து அனுப்பியிருக்கிறார் என்று ஒரு தவக்காலம் முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிச் சிரிக்க வைப்பது எனக்குப் பழகிப்போன தொழில்.

போன வாரம், சாம்பல் புதனுக்கு முந்தின நாள், பழைய ஜெபப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதற்குள்ளிருந்து அந்தத் தகடு நழுவிக் கீழே விழுந்தது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் குழிந்து, ஓரமெல்லாம் கறுத்துப்போய் இருந்தது.

என் மனைவி எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, இதென்ன, முந்திரிப்பருப்பா?"

மகள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இல்லம்மா, இது கமா."

முப்பது வருடமாக இதற்கு யாரும் சரியான பதில் சொன்னதில்லை. அவர்களும் சொல்லவில்லை. நான் தகட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். எதையும் முகர்ந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தகட்டில் வாசனை இல்லை. புத்தகத்தின் அட்டையில் இருந்தது, அந்துருண்டை வாசனை. அந்துருண்டை என்றால் எனக்குக் கோயில் அலமாரி. அலமாரி என்றால் அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆனால் ஏணிக்குப் பிறகு வருகிறேன். முதலில் பிஸ்கட் டப்பா.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில். ரயில்வேயில் டீசல் அசிஸ்டென்ட் வேலைக்கு, அதாவது இன்ஜினில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற வேலைக்கு, பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். மிச்சம் இருந்தது மெடிக்கல் ஒன்றுதான். அது ஈஸ்டர் முடிந்த மறு வாரம்.

அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் யாராவது வந்தால் மூன்றாவது நிமிடத்தில் என் வேலைக்குப் பேச்சைக் கொண்டுவந்துவிடுவார். என்னிடம் மட்டும் ஒரே ஒரு தடவைதான் அதைப்பற்றிப் பேசினார். "இருவத்தாறு வருசம் நான் இன்ஜினுக்கு அடியில படுத்திருந்தேன்டா. நீ மேல ஏறி உக்காரு."

அன்றிலிருந்து என் உடம்பு எனக்குச் சொந்தமில்லை, அப்பாவுடையது, நான் அதைப் பத்திரமாக ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது. தும்மினால் பயம். தும்மல் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள், வந்தது. அன்று சாயங்காலம் எங்கள் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள பத்துப் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லிவிட்டு, சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கலைவதற்குப் பெயர் அன்பியம். அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. காலையிலிருந்து ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாட்டு விரதம், என்பதால் எல்லோர் முகத்திலும் பக்தியா பசியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு களை. நெற்றியில் பாதிரியார் பூசிய சாம்பல் வேர்வையில் கரைந்து புருவம்வரை வந்திருந்தது.

அன்பியத்தை நடத்துகிற சகாயமேரி டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவை நடுவில் வைத்தார். கணக்கு டீச்சர். ஜெபத்தைக்கூட வீட்டுப்பாடம் கொடுக்கிற குரலில்தான் சொல்வார்.

"இந்த வருசம் கறி மீன விட்டேன், காப்பிய விட்டேன்னு யாரும் எங்கிட்ட வராதீங்க. விட்டதயே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, அதான் விசயம். இதுக்குள்ள தகடு போட்டிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு எடுங்க. எந்த உறுப்பு வருதோ, அதுக்கு நாப்பது நாள் தெனம் பத்து நிமிசம். அது என்ன நல்லது செஞ்சுது, என்ன கெட்டது செஞ்சுதுன்னு யோசிச்சு, நன்றி சொல்லி ஜெபிக்கணும்."

தகடு என்றால் நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண்வலி என்றால் கண், கால்வலி என்றால் கால் என்று வெள்ளி மாதிரி மினுங்குகிற தகட்டில் அச்சடித்து விற்பார்கள். குணமானதும் வாங்கிக் காணிக்கையாகப் போடுவோம். மாதா கோயிலிலும் போடுவோம், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாரியம்மன் கோயிலிலும் போடுவார்கள். டீச்சர் அதில் ஒரு கைப்பிடி வாங்கி வந்திருந்தார்.

டப்பா சுற்றி வந்தது. எங்கள் தெருவிலேயே அதிகம் பேசுகிற ஆட்டோக்காரருக்கு நாக்கு வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. "டீச்சர், இது சோடிச்சு வச்சதுங்க," என்று அவர் எழுந்தே விட்டார். அம்மாவுக்குப் பாதம். அப்பாவுக்குக் கை. நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். திறந்து பார்த்தேன். மறுபடியும் மூடித் திறந்தேன்.

"டீச்சர், இது என்னங்க?"

டீச்சர் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "காதுப்பா."

அம்மா எட்டிப் பார்த்து, "கிட்னி மாதிரி இருக்கே," என்றாள்.

ஆட்டோக்காரர் தன் நாக்கின் கோபத்தை என்மேல் தீர்த்துக்கொண்டார். "தம்பி, இது எரப்பைங்க. எங்க மச்சானுக்கு ஸ்கேன்ல இப்படித்தான் இருந்துச்சு. பாவம், நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்னா? இப்ப எங்க இருக்காரு?"

"இருக்காரு, இருக்காரு," என்று சொல்லிவிட்டு சுக்குக் காப்பியைக் குடித்தார். அந்த இரண்டாவது 'இருக்காரு' எனக்குப் பிடிக்கவில்லை.

மெடிக்கலுக்கு நாற்பத்துச் சொச்சம் நாள் இருக்கும்போது, அத்தனை பேருக்கு நடுவில், எனக்கு மட்டும் பெயர் தெரியாத உறுப்பு. இதற்கு என்ன அர்த்தம்? என் உடம்பில் எதுவோ ஒன்று சரியில்லை, அதைத்தான் டாக்டர் பிடிக்கப்போகிறார், மேலிடத்திலிருந்து முன்கூட்டியே தகவல் வந்திருக்கிறது. எது என்று தெளிவாக அச்சடிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். நன்றி சொல்ல டீச்சர் கொடுத்த தகட்டை வைத்துக்கொண்டு நான் சோதனை போட ஆரம்பித்தது இப்படித்தான்.

முதல் வாரம் கிட்னி. ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர். தவக்காலத் தியானத்தில் பாதியை பாத்ரூமில் செய்தேன். இரண்டாவது வாரம் காது. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு ஓரடி, ஈரடி, மூன்றடி என்று பின்னால் நகர்ந்து டிக் டிக் கேட்கிறதா என்று பார்ப்பேன். பின்பக்கமாகவே நடந்துபோய் அம்மாவின் புளிப்பானையை உடைத்தேன். உடைந்த சத்தம் நன்றாகக் கேட்டது. காது தேறியது.

மூன்றாவது வாரம் இரைப்பை. ஒருசந்தி நாளில் வயிறு உறுமினால், பசியா வியாதியா என்று நோட்டில் எழுதுவேன்.

வீட்டில் மற்ற இரண்டு பேரும் டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தார்கள் என்பது இப்போது நினைக்கும்போதுதான் தெரிகிறது. ஒரு மத்தியானம் அம்மா தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, பித்தவெடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி வந்ததுலேருந்து இதை நான் பாத்ததே இல்ல பாரு. யாரோட காலோ மாதிரி இருக்கு," என்றாள். அன்றைக்கே தேங்காயெண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கும்போது உதடு அசையும். ஜெபமா, காலோடு பேச்சா, நான் கேட்கவில்லை.

அப்பா சாப்பிட்ட பிறகு மேசைமேல் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தகட்டுக் கை. தகட்டில் ஐந்து விரல் முழுசாக இருக்கும். அப்பாவின் ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் போனது.

"என்னப்பா யோசிக்கிறீங்க?"

"இது போன அன்னைக்கு எனக்கு அழுகையே வரலடா. ஷிப்டு முடியலையேன்னுதான் நெனச்சேன்." குட்டை விரலைத் தடவிக்கொண்டே, "இப்பத்தான் பாவமா இருக்கு," என்றார்.

நான் அந்த இடத்தில் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். "ஒன்பதே முக்கால் விரலுக்குத்தான் நன்றி சொல்லணும்ப்பா," என்றேன். அப்பா சிரித்தார். என் ஜோக்குக்கு அப்பா சிரிக்காமல் இருந்ததே இல்லை. அதுதான் பின்னால் வம்பாகப் போனது.

சம்பத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்ரீரங்கத்துக்காரன், பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன், என்னோடு பரீட்சை தேறியவன், மெடிக்கலும் ஒரே நாள். அந்த சாம்பல் புதன் காலையில் பூசை முடிந்த கையோடு சர்டிபிகேட் விஷயமாக அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். நெற்றிச் சாம்பலை விபூதி என்று நினைத்த அவன் அம்மா, "ஏன்டாப்பா, திருவானைக்காவலுக்குப் போயிட்டு நேரா இங்க வரயா?" என்று கேட்டார். இல்லை மாமி, இது வேற சாம்பல் என்று விளக்கினேன். குருத்தோலையை எரித்துப் பூசுவது, மனிதன் மண் என்று நினைவுபடுத்த என்றேன். மாமி யோசித்துவிட்டு, "அதுக்கு எதுக்கு ஓலைய எரிக்கணும்? சித்த நேரம் இந்தத் தெருவுல நில்லு, மண்ணு தானா வந்து அப்பிக்கும்," என்றார்.

நாலாவது வாரம் நான் தகட்டைச் சம்பத்திடம் காட்டினேன்.

"உங்க ஆளு அனுப்பறதுதான் அனுப்பறார், அடையாளம் தெரியறாப்பல ஒண்ணு அனுப்பப்படாதோ?" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வா, விக்கறவாகிட்டயே கேட்டுடலாம்," என்று அழைத்துப்போனான். ராஜகோபுரத்துக்கு வெளியே பூஜை சாமான் கடை. தொங்குகிற மஞ்சள் கயிறுகளுக்கு நடுவே கடைக்காரர் தலை மட்டும் தெரிந்தது. தகட்டை நீட்டினேன்.

"நம்ம பக்கத்துச் சரக்குத்தாங்க," என்றார்.

"சர்ச்சுக்கு வெளிய வாங்கினதுங்க இது."

"கோயிலுக்கு ஒண்ணு, சர்ச்சுக்கு ஒண்ணுன்னு அச்சு இல்லீங்க. எல்லாருக்கும் ஒரே உடம்புதானே?"

"சரிங்க, இது என்ன உறுப்பு?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அது அச்சு தேஞ்சுபோச்சுங்க. காதுன்னு கேட்டா காதுன்னு குடுப்போம். கிட்னின்னு கேட்டா கிட்னி. ஒருத்தரும் திருப்பிக் கொண்டாந்தது இல்ல. நீங்கதான் மொத ஆளு."

வேறு யாராவது என்றால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நான் தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரிடம் தகட்டை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்தார், வயிற்றை அமுக்கினார், பிரஷர் பார்த்தார். பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட. "இந்தத் தகடு பையில இருக்கிறவரைக்கும் அது எறங்காது," என்றார்.

கடைசியில் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தேன். டாக்டரே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கண்ணு பிரமாதம்."

அதனால் கண்ணைப்பற்றி மட்டும் எனக்குக் கவலையே இருந்ததில்லை. தகடு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கண் மாதிரியும் இல்லை.

இப்போது ஏணிக்கு வரலாம்.

தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோயிலில் உள்ள சுரூபங்களை, அதாவது சிலைகளை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். அதற்காக ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியார் ஏணிமேல் நின்றார். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் டீச்சரும் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, உள்ள அலமாரில ஊதாத் துணி மடிச்சிருக்கும், அள்ளிட்டு வாங்க," என்றார் உபதேசியார். அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை மூக்கில் அறைந்தது. இரண்டு அடுக்கு இருந்தது. ஒன்றை அள்ளிக்கொண்டு வந்தேன்.

உபதேசியார் மேலே நின்று உதறினார். "என்ன தம்பி, மாதா திருநாளுக்குக் கட்டுற நீலத்தை அள்ளிட்டு வந்துட்டீங்க?"

"இது ஊதாதாங்க."

"ஏணில நிக்கிறேன் தம்பி, வெளையாடாதீங்க."

டீச்சர் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்து என்ன ஜோக் வரும் என்று காத்திருக்கிற முகங்கள். என்னால் அந்த முகங்களை ஏமாற்ற முடியாது.

"அம்மா துணியப் போத்திக்கிட்டா புள்ளைக்குக் குளிராதுன்னு கொண்டாந்தேங்க."

கோயில் என்பதையும் மறந்து சிரித்தார்கள். அப்பா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "அவன் அப்படித்தாங்க. பச்சை நூல் வாங்கியாடான்னா செங்கல் கலர்ல வாங்கியாருவான். தக்காளி வாங்கப்போனா காயா பாத்துப் பொறுக்கியாருவான். எல்லாம் கொழுப்பு."

நான் திரும்பிப்போய் அலமாரியில் இருந்த மற்ற அடுக்கை எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தேன். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன்.

பெரிய வெள்ளி வந்தது, சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டேன், ஈஸ்டர் வந்தது. துணியை எல்லாம் அவிழ்த்தார்கள். சம்பத்தும் நானும் மெடிக்கலுக்குப் போனோம். அவன் வீட்டுத் தயிர்சாதம் ஒரு டப்பா நிறைய. என் சட்டைப்பையில் தகடு.

உயரம், எடை, நெஞ்சளவு. சிறுநீர், ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் ஒருவர் நின்று முணுமுணுத்ததை எல்லாம் திருப்பிச் சொன்னேன். வயிறு சரி. ஒவ்வொன்று தேறும்போதும் சட்டைப்பையைத் தட்டிப்பார்த்துக்கொண்டேன். நாற்பது நாள் பயந்தது அத்தனையும் அரை மணியில் முடிந்துவிட்டது. எழுத்து அட்டை வந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

பிறகு டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். பக்கம் முழுக்கக் கலர் புள்ளிகள்.

"நம்பர் சொல்லுங்க."

"எந்த நம்பருங்க?"

"இதுல தெரியிற நம்பர்."

"இதுல நம்பர் இல்லீங்களே."

அடுத்த பக்கம் திருப்பினார். அதற்கடுத்த பக்கம். "புள்ளி நிறைய இருக்கு சார், கோலம் வேணா போடலாம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு ஜோக்குக்கு எதிராளி சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "கலர் சரியாத் தெரியலைன்னு இதுக்கு முன்னாடி யாரும் சொன்னதே இல்லையா?"

"எல்லாரும் சொல்லியிருக்காங்க சார்," என்றேன். "சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவனை இன்ஜினில் ஏற்ற முடியாது. ஏற்றவும் கூடாது. வண்டியில் நானூறு ஐந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சம்பத் தேறிவிட்டான். தயிர்சாதத்தைத் திறக்காமலே பஸ் ஏறினோம்.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா மேசையருகே உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கையை விரித்து வைத்தார். தவக்காலம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப அன்னைக்குக் கோயில்ல நீ வெளையாடலையா?"

"இல்லப்பா."

அப்பா கையைப் பார்த்தார். "நானும்ல சிரிச்சேன்," என்றார்.

பிறகு நான் வேறு பரீட்சை எழுதி ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். வெள்ளைத் தாள், கறுப்பு மை, ஒரு தொந்தரவும் இல்லை. சம்பத் ஓட்டுகிற வண்டி வருகிற நேரம் தெரிந்தால் அப்பா பொன்மலை ஸ்டேஷன் வேலிப்பக்கம் போய் நின்று, அந்த ஒன்பதே முக்கால் விரலையும் உயர்த்திக் காட்டிவிட்டு வருவார். சம்பத் ஹாரன் அடிப்பான். அதை வந்து அம்மாவிடம் மட்டும் சொல்வார்.

இப்போது அப்பா இல்லை, டீச்சர் இல்லை. அன்பியத்தின் தவக்காலச் சிந்தனை காலை ஆறு மணிக்கு போனில் வந்துவிடுகிறது, கீழே ஒரு கூப்பிய கை படத்தோடு. பிஸ்கட் டப்பா எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கோயிலைப் புதுப்பித்தபோது பழைய சுரூபங்கள் பலவற்றை எடுத்துவிட்டார்கள். அலமாரியும் போய்விட்டது. பீடத்துச் சிலுவைக்கு மட்டும் ஒரு துணி, அதுவும் கடையில் தைத்து வாங்கியது, அந்துருண்டை வாசனை இல்லாதது. தகடு எந்த உறுப்பு என்பது இன்றுவரை தெரியாது. இந்தத் தவக்காலத்தில் தினம் பத்து நிமிடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கண்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீச்சருக்கு வீட்டுப்பாடம் பாக்கி.

அன்றைக்கு அலமாரியில் இருந்தவற்றில் ஓர் அடுக்கு நீலம், ஓர் அடுக்கு ஊதா. எனக்கு இரண்டும் ஒரே நிறம்.